பார்த்துச் சொல்ல ஒரு கூலி

மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டு ஜன்னல்களைப் பதினோரு வருடமாகத் துடைத்துக்கொண்டிருக்கிறவன் எழுதுகிறேன். மற்ற வீடுகளில் வாசலில் நின்று நேரிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் மணி அடித்தால் கதவு திறப்பதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. மாடி ஜன்னலுக்கு ஏணி வைத்தால் உள்ளேயிருந்து திரையை இழுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அடுத்த மாதத்திலிருந்து கூலியைக் கால் பங்கு கூட்டுகிறேன். ஆறு வருடமாக ஒரே கூலிதான். எனக்கு மேலே முதலாளி கிடையாது. சம்பளத்தை ஏற்றிக் கொடு என்று யாரிடமும் போய் நிற்க முடியாது, நானே ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. வேனுக்குப் பெட்ரோல், கீழே விழுந்தால் கைகொடுக்கும் என்று கட்டும் காப்பீடு, வலது முழங்காலுக்கு ஊசி, எல்லாம் ஏறிவிட்டன. உங்கள் வீடு அரை நாள் வேலை. பின்பக்கம் கூரை முழுக்கக் கண்ணாடி போட்ட அறை இருக்கிறதே, அதற்குப் பலகை போட்டுக் குப்புறப் படுத்துத்தான் துடைக்க வேண்டியிருக்கிறது.

யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் மகள்கூட, "இத்தனை நாளா ஏத்தாம இருந்ததே பெரிய விஷயம்" என்று சொல்லி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்.

பதிலைப் பணத்தோடு வழக்கமான இடத்தில், பின்கதவுப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரர்

*

மார்ச் 5

கண்ணாடிக்காரருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் பல் வைத்தியம் பார்த்தவள், முழங்கால் எனக்குச் சம்பந்தமில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் தனியாக ஒரு கிளினிக் நடத்தியிருக்கிறேன். கட்டணத்தை எப்போது ஏற்ற வேண்டும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆள் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்து, ஒரு பக்கம் மரத்துப் போயிருக்கும்போது ஏற்ற வேண்டும். அப்போது எவனும் பேரம் பேசமாட்டான். உனக்கு அந்த வசதி இல்லை. என் வாய் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

மாடிப்படி ஓரத்து நீளக் கண்ணாடியில் மேல்மூலையில் போன மாதமும் கோடு விட்டிருந்தாய். அதற்கு முந்தைய மாதமும். கோட்டுக்கும் சேர்த்துக் கால் பங்கா? பழைய கூலிக்கு விருப்பமிருந்தால் வா. இடப்பக்கத்து வீட்டு அம்மாளிடமும் எதிர்வீட்டு வக்கீலிடமும் பேசியிருக்கிறேன். நீ கேட்டது அநியாயம் என்று அவர்களுக்கும் இப்போது புரிந்துவிட்டது.

மகள் என்று ஏதோ எழுதியிருக்கிறாய். எனக்கு மகள் இருப்பதாக உனக்கு யார் சொன்னது?

*

மார்ச் 9

டாக்டரம்மாவுக்கு,

எதிர்வீட்டு வக்கீல் என்னை வாசலிலேயே நிறுத்தி, "அந்தம்மா சொல்றது சரிதானே, நீங்க பாட்டுக்கு ஏத்துவீங்களா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். போன வாரம் இதே ஆள்தான், "பரவால்லப்பா, எல்லாமே ஏறிப்போச்சு" என்று முதுகில் தட்டியவர். இடப்பக்கத்து அம்மாள் கதவிடுக்கு வழியாகவே, "இனிமே வர வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவருடைய தங்கை வீடும் போயிற்று. ஒரு வாரத்தில் மூன்று வீடு. நன்றாக வயிற்றில் அடித்துவிட்டீர்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை யாரும் நீ, வா, போ என்று எழுதுவதில்லை. பழைய கூலிக்கு ஏணியைச் சாய்க்கவும் மாட்டேன். இந்த மாதத்தோடு உங்கள் வீட்டிலிருந்து நின்றுகொள்கிறேன். அந்தக் கோட்டை நீங்களே ஏறித் துடைத்துக்கொள்ளுங்கள்.

மகள் இருப்பதாக யார் சொன்னது என்று கேட்டிருந்தீர்கள். மகளேதான் சொன்னார். வேனில் ஒட்டியிருக்கும் தெருப்பெயர்களைப் பார்த்துவிட்டு, "அந்த வீட்டுக்கும் போறீங்களா? அங்க இருக்கறது எங்கம்மா" என்றார். முகமும் உங்கள் முகம்தான், திரையை இழுக்கிற நொடியில் பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறேனே. அங்கே ஒரு குட்டிப்பெண் இருக்கிறது. நான் துடைக்கும்போது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்து இளிக்கும். முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. உங்களுக்குத்தான் மகளே கிடையாதே, இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன்.

*

மார்ச் 10

கண்ணாடிக்காரருக்கு,

கூலி உயர்வுக்குச் சம்மதம். தொடர்ந்து வாருங்கள்.

விழுந்தது மேல்வரிசையா, கீழ்வரிசையா?

*

ஏப்ரல் 7

டாக்டரம்மாவுக்கு,

ஒரே கடிதத்தில் நான் "நீங்கள்" ஆகிவிட்டேன். மெத்த சந்தோஷம்.

கீழ்வரிசை, நடுவில் இரண்டு. இதைச் சும்மா சொல்கிறேன். இதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் தனிக் கூலி. ஜன்னல் துடைப்பது ஒரு வேலை, ஜன்னலுக்குள் பார்ப்பது இன்னொரு வேலை. நான் பார்ப்பதை வெளியே சொல்கிறேன் என்று ஊருக்குத் தெரிந்தால் ஒரு வீட்டிலும் என்னை ஏணி வைக்க விடமாட்டார்கள். இந்தத் தொழிலில் கோடு விழுந்தால்கூட மன்னிப்பார்கள், வாய் விட்டால் தொலைந்தேன். அந்த ஆபத்துக்கும் சேர்த்து, இப்போது ஏற்றிய கூலிக்கு மேலே பாதி போட்டு வையுங்கள்.

போன மூன்று வீடுகளையும் நீங்களே பேசித் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

*

ஏப்ரல் 8

கண்ணாடிக்காரருக்கு,

பணம் தொட்டிக்கு அடியில் இருக்கிறது. வக்கீலிடமும் பக்கத்து வீட்டிலும் பேசிவிட்டேன். உங்கள் வேலையில் குறை சொன்னது என் தவறு என்றே சொன்னேன். அதைச் சொல்லும்போது என் நாக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை எழுதி என் பேனாவை அசிங்கப்படுத்த விரும்பவில்லை.

இது வெறும் தொழில்முறை ஆர்வம், வேறு எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். விழுந்த இடத்தில் புதுப்பல் முளைத்திருக்கிறதா? நேராகவா, திரும்பியா? மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா? ஈறு என்ன நிறம்? விரல் சூப்புகிறாளா? குழந்தையைச் சிரிக்க வையுங்கள். ஊகித்து எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

*

மே 6

டாக்டரம்மாவுக்கு,

சிரிக்க வைப்பதற்கு நான் பட்ட பாடு. கண்ணாடி முழுக்கச் சோப்பு நுரையைப் பூசி, நடுவில் ஒரு ஓட்டை மட்டும் வழித்து, அதில் என் வாயை வைத்து ஈயென்று காட்டினேன். அவளும் அந்தப் பக்கம் அதே இடத்தில் வாயை வைத்து ஈயென்று காட்டினாள். என் பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கும் ஒண்ணு இல்ல" என்றாள். பின்னால் ஒன்று இல்லைதான். அதைச் சரிசெய்ய இப்போது உங்கள் காசு உதவும்.

புதுப்பல் இரண்டும் வந்துவிட்டன. விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறது. மேலே நடுவில் சின்னச் சந்து. ஈறு நல்ல சிவப்பு. விரல் சூப்பவில்லை, பின்னல் நுனியைத்தான் சப்புகிறாள். இன்னொன்று பார்த்தேன். கீழே பக்கத்தில் ஒரு பழைய பல் விழவே இல்லை, அதற்குப் பின்னால் இன்னொன்று முளைத்திருக்கிறது. இரட்டை வரிசை மாதிரி.

சொல்லிவிட்டேன். கூலி நியாயமானதுதான்.

*

மே 7

கண்ணாடிக்காரருக்கு,

எந்தப் பக்கம்? அவள் வலமா, உங்கள் வலமா? நாளைக்கே வந்து பதில் போடுங்கள். அடுத்த மாதம்வரை என்னால் காத்திருக்க முடியாது. அதற்கும் பணம் வைத்திருக்கிறேன்.

அந்தப் பால்பல் தானாக ஆடவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். அப்புறம் நாக்கே புதுப்பல்லை முன்னால் தள்ளிவிடும். அவள் அம்மாவிடம் எப்படியாவது சொல்லுங்கள். என் பெயர் வெளியே வரக்கூடாது. வந்தால் அந்தப் பல் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவாள், அவ்வளவு பிடிவாதம்.

டாக்சியில் போனால் இருபது நிமிடம், போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். போனேன். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு. நான் வாசலில் நிற்கும்போதே உள்ளே திரையை இழுத்துவிட்டாள். தன் கணவனைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக ஒன்பது வருடம். அவன் என்னிடம் பல் காட்ட வந்தவன். அந்த வாயைப் பார்த்து, கவனிப்பு இல்லாத ஆள் என்று மகளிடம் சொன்னேன். வைத்தியராகச் சொன்ன அபிப்பிராயம் அது, அவ்வளவுதான். அதற்கு அம்மாவையே வேண்டாம் என்று சொல்வார்களா?

*

ஜூன் 4

டாக்டரம்மாவுக்கு,

அவள் வலம் என்று போன மாதமே வந்து எழுதி வைத்தேன். என் மகளுக்கும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தது என்று உங்கள் மகளிடம் ஒரு பொய் சொன்னேன். எனக்கு மகளே கிடையாது. உங்கள் மகள் குழந்தையைக் கூட்டிப்போய்ப் பல்லை எடுத்துவிட்டார். குழந்தை பஞ்சைக் கடித்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்து, எடுத்த பல்லை ஒரு டப்பாவில் போட்டு எனக்குக் குலுக்கிக் காட்டியது. புதுப்பல் சாய்வாகத்தான் இருக்கிறது, ஆனால் இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து மொத்தக் கூலியும் இரட்டிப்பு. ஜன்னலுக்கும் பல்லுக்கும் சேர்த்து. மறுபேச்சு வேண்டாம், ஒத்துவராவிட்டால் நான் வேறு வீடு பார்த்துக்கொள்கிறேன்.

*

ஜூன் 5

இரட்டிப்பு வைத்திருக்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க மாட்டீர்கள்.

பஞ்சை எவ்வளவு நேரம் கடித்திருந்தாள்? அழுதாளா? எந்த டாக்டர் என்று கேட்டீர்களா? டப்பா என்ன டப்பா?

*

ஜூலை 8

டாக்டரம்மாவுக்கு,

குழந்தைக்கு ஏழு வயது ஆகிவிட்டது. புது கவுன் போட்டிருந்தாள். ஜன்னலில் வந்து எல்லாப் பல்லையும் காட்டினாள். ஒரு குறையும் இல்லை. அந்தச் சாய்ந்த பல் நேராகிக்கொண்டு வருகிறது.

*

ஆகஸ்ட் 6

டாக்டரம்மாவுக்கு,

குழந்தை நலம். இந்த மாதம் விசேஷம், மேலே வலப்பக்கம் சிங்கப்பல் விழுந்து புதுப்பல்லும் வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிறது. சிரித்தால் அந்தப் பல்தான் முதலில் தெரிகிறது, நல்ல களை.

விலைவாசி உங்களுக்கே தெரியும். இரட்டிப்பு போதவில்லை, மூன்று மடங்காக்கிவிடுங்கள்.

*

ஆகஸ்ட் 7

கண்ணாடிக்காரருக்கு,

பணம் வைக்கவில்லை.

சிங்கப்பல் என்று நீங்கள் சொல்வது ஒன்பது வயதுக்கு முன்னால் விழாது. மேல்வரிசையில் பத்து, பதினொன்று கூட ஆகும். விழுந்தாலும் ஒரே மாதத்தில் புதுப்பல் இறங்கி வந்து சிரிப்பில் தெரியாது. மேலே நடுவில் இருக்கும் பற்களே இன்னும் விழவில்லை, அதற்குள் ஓரத்துப் பல் அவசரப்படுமா? ஆயிரக்கணக்கான குழந்தைகளின் வாயைப் பார்த்தவளிடம் இப்படி ஒரு கதையை அளந்திருக்கிறீர்கள்.

ஜூலைக் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். "எல்லாப் பல்லையும் காட்டினாள், ஒரு குறையும் இல்லை." அந்தப் பெண்ணுக்கு ஒரு பல் சாய்ந்திருக்கிறது, அதை அடுத்த வரியில் நீங்களே எழுதுகிறீர்கள், இன்னொன்றைப் பிடுங்கியிருக்கிறார்கள், ஒரு குறையும் இல்லையாம். நீங்கள் ஜூலையிலேயே பார்க்கவில்லை.

யார் வாயைப் பார்த்து எழுதினீர்கள்? உண்மையை எழுதாவிட்டால் இந்தத் தெருவில் மட்டுமில்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் எந்த வீட்டிலும் உங்கள் ஏணி சாயாது. ஜன்னலுக்குள் பார்த்துக் காசு வாங்குகிற ஆள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வேன். நான் செய்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

*

ஆகஸ்ட் 11

டாக்டரம்மாவுக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். காசு கொடுத்துப் பார்க்கச் சொன்னது யார் என்று அவர்களும் கேட்பார்கள் இல்லையா?

உண்மை வேண்டும் என்றீர்கள். இதற்குக் கூலி வேண்டாம், இலவசம்.

வீடு காலி. ஜூன் கடைசியிலேயே லாரி வந்து சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் உங்களுக்கு விற்றிருப்பேன், அது உங்கள் மகளுக்கும் தெரியும்.

ஆமாம், தெரியும். ரெட்டைப் பல்லைப் பற்றி நான் சொன்ன அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். "நாக்கு தள்ளிடும், புதுப்பல் முன்னாடி வந்துடும்னு கண்ணாடி துடைக்கறவர் பேசமாட்டார். இது எங்கம்மா பேச்சு" என்றார். இந்த வீடும் போச்சு என்று நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. "எவ்வளவு குடுக்கறாங்க?" என்றார். சொன்னேன். ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், உங்கள் சிரிப்பும் அப்படித்தான் இருக்கும். "இவ்ளோதானா? ரொம்பக் கம்மியா வாங்கறீங்க. ரெட்டிப்பாக் கேளுங்க, குடுப்பாங்க" என்றார். ஜூனில் நான் ஏற்றியதற்கு என் முழங்கால் காரணமில்லை, உங்கள் மகள்தான்.

கணவரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தை, வைத்தியராகச் சொன்ன அபிப்பிராயம் என்று எழுதியிருந்தீர்கள். மகள் சொன்னதையும் கேளுங்கள். கணவருக்கு ஊசி போட்டு வாய் முழுக்க மரத்துப்போய் எச்சில் வழிந்துகொண்டிருந்ததாம். கதவைத் திறந்து வைத்து, வெளியே காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வந்து பாருடி, இந்தச் சாக்கடையையா கட்டிக்கப்போறே?" என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினீர்களாம். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லையாம். அங்கே உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்களாம். "அவர் இன்னைக்கு வரைக்கும் சிரிச்சா வாயைக் கையால மூடிக்கிறார்" என்றார்.

லாரி கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "போயிட்டோம்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. எது வேணா எழுதுங்க. எதுவரைக்கும் குடுக்கறாங்கன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

குழந்தை எனக்குக் கையை ஆட்டியது. நிஜமாக நடந்ததில் அதுதான் கடைசி. பல்லைப் பார்க்கவில்லை, பின்னலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

மூன்று வீட்டை ஒரே போனில் என்னிடமிருந்து பிடுங்கினீர்கள். எனக்கு மனசாட்சி உறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். இனி வர மாட்டேன்.

*

செப்டம்பர் 15

கண்ணாடிக்காரருக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் வீட்டு முகவரிக்கு அனுப்புகிறேன். வக்கீலிடம் கேட்டு வாங்கினேன்.

நான் யாருக்கும் போன் செய்யவில்லை. மகள் சொன்னது சரி. சாக்கடை என்றுதான் சொன்னேன். கதவைத் திறந்து வைத்ததும் நான்தான்.

வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாதம் காத்திருந்தேன். பூந்தொட்டிக்கு அடியில் தினம் போய்ப் பார்த்தேன். ஜன்னல் அழுக்காக இருப்பது எனக்குப் பெரிதில்லை.

நீங்கள் கேட்ட மூன்று மடங்கு சம்மதம். மாதாமாதம் வாருங்கள். வந்து, துடைத்துவிட்டு, பார்த்தேன் என்று எழுதுங்கள். ஆனால் இனிமேல் தப்பாக எழுதக்கூடாது, என்னால் படிக்க முடியவில்லை. அவளுக்கு இப்போது ஏழு. முதலில் மேலே நடுப்பல் ஒன்று ஆடும், இடப்பக்கத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரம் ஆடிவிட்டு விழட்டும். அடுத்தது அதன் ஜோடி. புதுப்பல் இறங்க இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள், பெரிதாக, வாய்க்குப் பொருந்தாத மாதிரி இருக்கும், அப்படியே எழுதுங்கள். எட்டு வயதில் பக்கத்துப் பற்கள். ஒன்பதில், பத்தில், கீழ்வரிசைச் சிங்கப்பல். மேலே அதற்கும் பிறகு. பன்னிரண்டில் கடைசிக் கடைவாய்ப்பல். நடுவில் ஒரு சொத்தை வரலாம், ஆனால் சீக்கிரமே கவனித்துவிட்டார்கள் என்று எழுதுங்கள். அவளை யாரும் அழவைத்ததாக எழுத வேண்டாம்.

எனக்கு எழுபத்து மூன்று. அவளுக்குப் பன்னிரண்டு வரை நான் தாக்குப்பிடிப்பேனா தெரியாது. நீங்கள் கூலியை ஏற்றிக்கொண்டே போகலாம், நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

*

அக்டோபர் 7

டாக்டரம்மாவுக்கு,

பணம் எடுத்துக்கொண்டேன். கூரைக் கண்ணாடியில் பறவை எச்சம் காய்ந்து கிடந்தது, சுரண்டிவிட்டேன்.

மேல்வரிசை, நடுவில், இடப்பக்கம். ஆடுகிறது. நாக்கால் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

ஜனவரியிலிருந்து கூலி கூடும்.